இரைப்பை பைபாஸுக்குப் பிறகு: சத்து உடம்பில் சேர என்ன செய்ய வேண்டும்?

எடை குறைக்கும் ஆபரேஷன் முடித்து ஊர் திரும்பியவரைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை கிலோ குறைஞ்சிருக்கு?" பெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் அளவு) எவ்வளவு, வைட்டமின் பி12 பார்த்தாச்சா என்று யாரும் கேட்பதில்லை. எடை கண்ணுக்குத் தெரியும். ரத்தத்துக்குள்ளும் எலும்புக்குள்ளும் குறைவது தெரியாது. தெரியும்போது சிலருக்கு நரம்பு வரைக்கும் போயிருக்கும்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பலர் மதுரை, சென்னை, கோயம்புத்தூர், திருவனந்தபுரம் என்று வெளியூர் போய்த்தான் இந்த ஆபரேஷனைச் செய்துகொள்கிறார்கள். முதல் ஆறு மாதம் ஒழுங்காகப் போய்க் காட்டுவார்கள். பிறகு "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இவ்வளவு தூரம்" என்று விட்டுவிடுவார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான். ஆகவே ஊரில் இருந்தபடியே என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். இங்கே உள்ள அளவுகள் பொதுவாக ஏற்கப்பட்டவை. உங்கள் சர்ஜன் வேறு அளவு எழுதியிருந்தால் அதுதான் உங்களுக்கு.

படி 1: என்ன ஆபரேஷன் நடந்தது என்று முதலில் பாருங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் படியுங்கள். "ரூ-என்-ஒய் கேஸ்ட்ரிக் பைபாஸ்" என்றிருந்தால் இரைப்பையின் மேல்பகுதியில் ஏறக்குறைய 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைத்திருப்பார்கள். பெரிய இரைப்பையும், அதற்கடுத்த டியோடினமும் (சிறுகுடலின் முதல் பகுதி), ஜெஜுனத்தின் (அதற்கு அடுத்த பகுதி) தொடக்கமும் உள்ளேயேதான் இருக்கும். ஆனால் சாப்பாடு அந்த வழியே போகாது. பித்தநீரும் கணையநீரும் மட்டும் அந்த வழியே இறங்கி, கீழே வந்து சாப்பாட்டோடு சேரும்.

"மினி பைபாஸ்" என்றிருந்தால் ஒரே ஓர் இணைப்புதான் இருக்கும். ஆனால் ஒதுக்கப்பட்ட குடலின் நீளம் பொதுவாக இன்னும் அதிகம், சத்துக் குறைவுக்கான வாய்ப்பும் அதிகம். "ஸ்லீவ்" என்றால் குடலைத் தொடவில்லை, இரைப்பையை மட்டும் குறுக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் மாத்திரை உண்டு. அளவு மட்டும் கொஞ்சம் மாறும்.

பாளையங்கால்வாயின் தலைமடையை அடைத்துவிட்டு நடுவில் குழாய் போட்டுத் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? கடைமடை வயல் நனையும், மேலே இருக்கிற வயல் காயும். குடலிலும் அதே கதைதான். இரும்பும் கால்சியமும் பெரும்பாலும் உறிஞ்சப்படுவது டியோடினத்திலும் அதை ஒட்டிய பகுதியிலும். அந்த மேல்வயலுக்குத்தான் இப்போது சாப்பாடு போவதில்லை. பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசியில். அந்த இடம் அப்படியே இருக்கிறது. ஆனால் பி12-ஐக் கைப்பிடித்து அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் 'இன்ட்ரின்சிக் ஃபேக்டர்' என்ற புரதம் இரைப்பைச் சுவரில் சுரப்பது. சாப்பாடு அந்த இரைப்பையைத் தொடாமலே போவதால் இரண்டும் சரியாகச் சந்திப்பதில்லை. அமிலமும் குறைவு என்பதால் இறைச்சியிலும் முட்டையிலும் ஒட்டியிருக்கும் பி12 பிரிந்து வருவதும் கடினம்.

ஆக, "நல்லாச் சாப்பிட்டா மாத்திரை எதுக்கு" என்ற பேச்சு இந்த ஆபரேஷனுக்குப் பொருந்தாது. எவ்வளவு நல்லாச் சாப்பிட்டாலும் வழி மாறியது மாறியதுதான். மாத்திரை ஆயுள் முழுக்க.

படி 2: எந்தக் கையிருப்பு எப்போது தீரும்?

எல்லாச் சத்தும் ஒரே நாளில் குறைவதில்லை. தயாமின் என்கிற பி1 உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருக்கும். இரும்பு மாதக்கணக்கில் இறங்கும், மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு இன்னும் வேகமாக. பி12 ஈரலில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்கும். அதனால்தான் ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று வருஷம் கழித்துக் காலில் மதமதப்பு வரும்போது யாருக்கும் ஆபரேஷன் ஞாபகம் வருவதில்லை, சுகர் என்று நினைத்துவிடுகிறார்கள். எலும்பு இன்னும் அமைதி. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிக்கொள்ளும். லேப் ரிப்போர்ட்டில் கால்சியம் சரியாகவே தெரியும், எலும்பு மட்டும் கரையும்.

உடம்பு தெம்பாக இருப்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

படி 3: முதல் மூன்று மாதம், வாந்தியை லேசாக விடாதீர்கள்

இந்தப் பகுதியை வீட்டில் இருக்கிற எல்லாரும் படிக்க வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு வாந்தி வரும். வேகமாகச் சாப்பிட்டது, மெல்லாமல் விழுங்கியது, இணைப்பு சுருங்கியது என்று காரணம் பல. ஒரு நாள் வந்து நின்றால் பெரிதில்லை. நாள்கணக்கில் தொடர்ந்தால் சாப்பாடும் இல்லை, மாத்திரையும் நிற்பதில்லை. கையிருப்பே சில வாரத்துக்கு மட்டும் உள்ள தயாமின் முதலில் தீர்ந்துபோகும். அப்போது பார்வை இரண்டு இரண்டாகத் தெரியும், கண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். 'வெர்னிக்கி' என்று சொல்லும் மூளைப் பாதிப்பு இது. உடனே கவனித்தால் மீளலாம். தாமதித்தால் மறதி நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று ஆபத்தாகிறது. வாந்தி என்றதும் தெருமுனைக் கிளினிக்குக்குப் போய், "டாக்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திருங்க, தெம்பா இருக்கும்" என்று நாமே கேட்டு வாங்குவோம். குளுக்கோஸை எரிக்க உடம்புக்குத் தயாமின் வேண்டும். இருக்கிற கொஞ்சத்தையும் அந்தப் பாட்டில் தின்றுவிடும். ஆகவே கிளினிக்கில் முதலில் சொல்ல வேண்டியது: "இவருக்கு இரைப்பை பைபாஸ் ஆகியிருக்கு, நாலு நாளா வாந்தி. தயாமின் ஊசி போட்டுட்டு அப்புறம் டிரிப் போடுங்க." இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. சின்னக் கிளினிக்கில் நாள் ஒன்றுக்கு நூறு பேரைப் பார்க்கிற டாக்டருக்கு இந்த ஆபரேஷன் செய்தவர் எப்போதாவது ஒருவர்தான் வருவார். பார்வை, நடை, பேச்சு இவற்றில் ஒன்று மாறினாலும் கிளினிக் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றே போங்கள்.

சாதாரண நாட்களில் தயாமின் தினமும் குறைந்தது 12 மி.கி. வேண்டும், 50 மி.கி.க்கு மேல் எடுப்பது இன்னும் பாதுகாப்பு. நல்ல பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் இது கிடைத்துவிடும்.

முதல் சில வாரம் எல்லா மாத்திரையையும் மென்று தின்னும் வகையாகவோ திரவமாகவோ வாங்குங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளையும் குடலில் போய்க் கரையும்படி மேல்பூச்சு போட்டவற்றையும் நீங்களாக நசுக்கக் கூடாது. டாக்டரிடம் மாற்று கேளுங்கள். சுகர், பிரஷர் மாத்திரைகளின் அளவும் இந்தக் காலத்தில் வேகமாக இறங்கும். பழைய சீட்டை வைத்துக்கொண்டு மருந்துக்கடையில் வாங்கிப் போட்டால் மயங்கி விழ நேரிடும்.

படி 4: அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள்

இதில்தான் பாதிப்பேர் ஏமாறுகிறார்கள். கால்சியம் அட்டையை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் பெரிய எழுத்தில் "500" என்று இருக்கும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் "கால்சியம் கார்பனேட் 1250 மி.கி., தனிமக் கால்சியம் 500 மி.கி.க்குச் சமம்" என்றிருக்கும். உடம்புக்குக் கணக்கு தனிமக் கால்சியம்தான், அதாவது அந்த உப்புக்குள் உண்மையில் இருக்கிற கால்சியம். இன்னோர் அட்டையில் "கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி." என்றிருக்கும். ஆயிரம் என்று பார்த்து மகிழ வேண்டாம், அதில் தனிமக் கால்சியம் ஏறக்குறைய 210 மி.கி.தான்.

அப்படியானால் கார்பனேட் நல்லதா? இல்லை. கார்பனேட் கரைய இரைப்பை அமிலம் வேண்டும், உங்கள் சிறுபையில் அது குறைவு. சிட்ரேட்டுக்கு அமிலம் தேவையில்லை. எண்ணிக்கை கூடினாலும் சிட்ரேட்டே மேல். ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. நம் ஊர் வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடிக்கிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். அந்த வகையிலும் சிட்ரேட் துணை. மருந்துக்கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்று கார்பனேட்டை நீட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

சாப்பாட்டிலும் மாத்திரையிலுமாகச் சேர்த்து நாளைக்கு 1200 முதல் 1500 மி.கி. கால்சியம் வேண்டும். 100 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 120 மி.கி. இருக்கிறது. பால், தயிர், மோர் எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்த்துவிட்டு மிச்சத்தை மாத்திரையில் நிரப்புங்கள். ஒரே நேரத்தில் 500, 600-க்கு மேல் விழுங்கினால் உடம்பு வாங்கிக்கொள்ளாது. பிரித்துத்தான் போட வேண்டும்.

இரும்பு மாத்திரையிலும் இதே பார்வைதான். "ஃபெரஸ் அஸ்கார்பேட், தனிம இரும்பு 100 மி.கி., ஃபோலிக் ஆசிட் 1.5 மி.கி." என்பது கடைகளில் வழக்கமாகக் கிடைக்கிற கலவை. பைபாஸ் ஆனவர்களுக்குக் காப்பளவு 45 முதல் 60 மி.கி. தனிம இரும்பு. குறை வந்துவிட்டால் 150, 200 வரை டாக்டர் ஏற்றுவார். அப்படியும் ஏறாவிட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம், பயப்பட ஒன்றுமில்லை. "முருங்கைக்கீரை தின்னா ரத்தம் ஊறும்" என்று ஆச்சி சொல்வதை மறுக்க வேண்டாம், கீரையைத் தின்னுங்கள். ஆனால் கீரையில் உள்ள இரும்பு எல்லாருக்குமே குறைவாகத்தான் சேரும், உங்களுக்கு அதிலும் குறைவு. மாத்திரைக்குப் பதில் கீரை ஆகாது.

இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுத்துப் போகும், அது இயல்பு. தார் போல ஒட்டி, நாற்றமும் தலைசுற்றலும் சேர்ந்தால் அது இரும்பு இல்லை, உள்ளே ரத்தக் கசிவு. உடனே காட்டுங்கள்.

படி 5: நேரத்தைப் பிரியுங்கள்

கால்சியமும் இரும்பும் ஒன்றை ஒன்று தடுக்கும். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காபியும் டீயும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கருப்பட்டிக் காபி என்றாலும் காபி காபிதான். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இரும்பையும் கால்சியத்தையும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். எல்லாவற்றையும் கைநிறைய அள்ளிக் காலையில் ஒரே மடக்கில் விழுங்குகிறவர் பாதிப் பணத்தைச் சாக்கடையில் போடுகிறார்.

ஒரு நாள் இப்படி அமையலாம். காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. காலைக் காபி, பலகாரம் எல்லாம் முடிந்து 10.30-க்கு முதல் கால்சியம். மதியம் 1 மணிக்குச் சாப்பாட்டோடு மல்டிவைட்டமினும் வைட்டமின் டி-யும், ஏனென்றால் டி, ஏ, இ, கே நான்கும் கொழுப்போடு சேர்ந்தால்தான் ஏறும். மாலை 4 மணிக்கு இரண்டாவது கால்சியம். ராத்திரி 7.30-க்குச் சாப்பாட்டோடு மூன்றாவது. 10 மணிக்குப் படுக்கப் போகும்போது இரும்பு, கொஞ்சம் எலுமிச்சைத் தண்ணீரோடு. வயல் வேலைக்கோ பீடி சுற்றவோ போகிறவர்களுக்கு இந்த நேரங்கள் தள்ளிப்போகலாம், இடைவெளி மட்டும் மாறக்கூடாது.

மேலப்பாளையத்து வாசகர்களுக்கு ஒன்று: ஆபரேஷன் ஆன முதல் வருஷம் நோன்பு பிடிப்பதைப் பற்றி டாக்டரோடு பேசாமல் முடிவெடுக்காதீர்கள். பிடிப்பதானால் இந்த அட்டவணை முழுக்க இஃப்தாருக்கும் சஹருக்கும் நடுவில் வர வேண்டும், தண்ணீரும் கூட.

படி 6: பி12, டி, மற்றவை

பி12 வாய்வழியாக என்றால் தினம் 350 முதல் 1000 மைக்ரோகிராம். அவ்வளவு அதிகம் ஏனென்றால் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் இல்லாமலும் ஒரு சிறு பங்கு தானாகவே உள்ளே போகும், அதை நம்பித்தான் கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால் மாதம் ஒரு 1000 மைக்ரோகிராம் ஊசி. மாத்திரையை மறக்கிறவர்களுக்கு ஊசிதான் சரி என்பது என் எண்ணம். முட்டையும் தொடாத சைவக் குடும்பங்களில் ஆபரேஷனுக்கு முன்பே பி12 குறைவாக இருக்கும் வாய்ப்பு அதிகம், அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சுகருக்குப் போடும் மெட்ஃபார்மினும் அசிடிட்டி மாத்திரையும் நாள்பட எடுத்தால் பி12-ஐ மேலும் இறக்கும்.

வைட்டமின் டி தினம் 3000 யூனிட், ரத்தத்தில் மில்லிக்கு 30 நானோகிராமைத் தாண்டும் வரை. வாரம் ஒன்று என எழுதிக்கொடுக்கும் 60,000 யூனிட் பொடியை எட்டு வாரம் முடிந்த பிறகும் தாமாகவே தொடர்கிறவர்கள் உண்டு. அது கூடாது, டி மிஞ்சினாலும் தொந்தரவு. நெல்லை வெயிலுக்கு டி குறையவே குறையாது என்று நினைக்க வேண்டாம். வெயில் ஏறுமுன் வீட்டுக்குள் போய்விட்டுச் சாய்ந்தபின் வெளியே வருகிறவர்கள்தானே நாம்.

துத்தநாகம் 8 முதல் 22 மி.கி., தாமிரம் 2 மி.கி. முடி கொட்டுகிறது என்று துத்தநாகத்தை மட்டும் அள்ளிப் போட்டால் தாமிரம் இறங்கும். தாமிரம் இறங்கினால் பி12 குறைந்தது போலவே நடை தடுமாறும். மூன்றாவது மாதத்துக்குப் பிறகு முடி கொட்டுவது எடை வேகமாகக் குறைவதால் பலருக்கும் வருவதுதான், புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப முளைக்கும். அதற்காகப் பயோட்டின் மாத்திரை போட்டால் தைராய்டு ரிப்போர்ட்டைக் குழப்பும். ரத்தம் கொடுக்குமுன் லேபில் சொல்லுங்கள்.

சித்த மருந்து எடுப்பவர்கள் இரண்டு பக்கத்து வைத்தியரிடமும் சொல்லுங்கள். அன்னபேதிச் செந்தூரம் இரும்புதான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படி 7: தட்டில் முதலில் புரதம்

நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம். சின்னப் பையில் சோறு முதலில் போனால் மற்றதுக்கு இடமில்லை. மீனோ, முட்டையோ, பருப்போ, பன்னீரோ முதலில்; காய் அடுத்து; சோறு கடைசியில், இடமிருந்தால்.

பருப்புத் தண்ணி, ரசம், கஞ்சித் தண்ணி இவற்றில் சத்து இருப்பதாக ஊரே நம்புகிறது. பருப்பு பாத்திரத்தின் அடியில் கிடக்கும்போது மேலே தெளிந்த நீரில் புரதம் எவ்வளவு இருக்கும்? மசித்துக் கொடுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், 100 மில்லி பாலில் 3 கிராம் சொச்சம், 100 கிராம் சாளை மீனில் ஏறக்குறைய 20 கிராம். சாளைதான் இங்கே மலிவு, அதில் டி-யும் பி12-உம் கூடவே வரும். சைவர்கள் உளுந்தம்பருப்புச் சோற்றில் அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டிக்கொள்ளலாம், எள்ளுத்துவையல் இருக்கவே இருக்கிறது. சோயா, பன்னீர், கெட்டித்தயிர் இவற்றை விடாமல் சேர்க்காவிட்டால் சைவத்தில் 60-ஐத் தொடுவது கடினம். அப்படியானால் புரதப் பொடி வாங்க யோசிக்க வேண்டாம்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதீர்கள். அரை மணி நேரம் கழித்துத் தொடங்கி, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றரை, இரண்டு லிட்டர். பரோட்டா பந்தாக உருண்டு இணைப்பில் அடைத்துக்கொள்ளும், முதல் வருஷம் அந்தப் பக்கமே வேண்டாம்.

அல்வா விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"மைனி, ஒரு துண்டுதானே, வாயில வச்சா வழுக்கிட்டுப் போயிரும்."

"வழுக்கிட்டுப் போறதுதாம்யா பிரச்சனை. போன மட்டம் பட்டது போதும்."

மைனி சொல்வது சரி. சர்க்கரையும் நெய்யும் இரைப்பையில் தங்காமல் நேரே குடலில் விழும்போது பத்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் படபடப்பு, வேர்வை, வயிற்றுப்போக்கு வரும். டம்பிங் என்பார்கள். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கிக் கண் இருட்டும். பதநீருக்கும் கல்யாண வீட்டுப் பாயசத்துக்கும் இதே விதிதான்.

படி 8: ரத்தப் பரிசோதனை

மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருஷம், பிறகு ஆண்டுதோறும். இதற்கு ஆபரேஷன் செய்த ஊருக்கே போக வேண்டியதில்லை. இங்கேயே ரத்தம் கொடுத்து ரிப்போர்ட்டை அனுப்பலாம். லேபில் "ஃபுல் பாடி செக்கப்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், பெரிட்டினும், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கவைக்கும் பாராதைராய்டு ஹார்மோனான பிடிஎச்சும் அதில் பெரும்பாலும் இருக்காது. கேட்க வேண்டியவை: முழு ரத்த எண்ணிக்கை, பெரிட்டின், பி12, ஃபோலேட், 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி, பிடிஎச், கால்சியம், ரத்தப் புரதமான ஆல்புமின். வருஷம் ஒருமுறை துத்தநாகம், தாமிரம், வைட்டமின் ஏ. ஹீமோகுளோபின் 12 இருக்கிறது என்று நின்றுவிடக் கூடாது. பெரிட்டின் காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும்.

படி 9: கர்ப்பம், வலி மாத்திரை, பையில் ஒரு சீட்டு

ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக ஏறாமல் போகலாம், வேறு முறை கேளுங்கள். கர்ப்பமானால் ஃபோலிக் ஆசிடும் இரும்பும் கூடும், வைட்டமின் ஏ மட்டும் பீட்டா கரோட்டின் வடிவுக்கு மாறும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துச் சுகர் பார்க்கும்போது நர்ஸம்மாவிடம் ஆபரேஷனைச் சொல்லிவிடுங்கள். அதைக் குடித்தால் டம்பிங் வரும். அதற்குப் பதில் ஒரு வாரம் வீட்டிலேயே விரல் குத்திச் சுகர் பார்க்கலாம்.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வேண்டாம், இணைப்பில் புண் வரும். பாராசிட்டமால் போதும். பீடி, சிகரெட்டுக்கும் அதே புண்தான் கூலி.

பர்ஸில் ஒரு சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். "பைபாஸ்" என்று மட்டும் சொன்னால் அவசரத்தில் இருதய ஆபரேஷன் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே "இரைப்பை பைபாஸ், எடைக்காக" என்று எழுதுங்கள். ஆபரேஷன் தேதி, சர்ஜனின் போன் நம்பர், தினசரி மாத்திரைகள், கடைசியாக பி12 ஊசி போட்ட தேதி. அதன் கீழே சிவப்பு மையில்: "குளுக்கோஸுக்கு முன் தயாமின். டைக்ளோஃபினாக் ஊசி வேண்டாம்."